கரையைப் பிடித்து நிற்கும் வேர்கள்



ஈப்போ நகருக்குச் சென்றவர்கள் கிந்தா ஆற்றைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. ஆற்றுக்கு மேற்கே பழைய பட்டணம். கிழக்கே புதிய பட்டணம். இரண்டுக்கும் நடுவே ஓடும் அந்த ஆற்றின் ஓரத்தில் மக்கள் உலாவுவதற்கென்று பூங்காக்களும் நடைபாதைகளும் அமைந்திருக்கின்றன. காலையில் பெரியவர்கள் நடக்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

பெருமழை பெய்து வெள்ளம் வடிந்த மறுநாள் இத்தகைய ஆற்றோரப் பூங்கா ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். முதல் நாள் புல்தரையாக இருந்த ஓரம், கத்தியால் அறுத்ததுபோலச் செங்குத்தாக நிற்கும். ஒரு மரத்தின் பாதி வேர் வெளியே தொங்கும். நடைபாதையின் ஓரக்கல் ஆற்றுக்குள் கிடக்கும். ‘ஆறு கரையைத் தின்றுவிட்டது’ என்று சொல்லிவிட்டு நாமும் நடையைத் தொடர்வோம்.

ஆறு ஏன் கரையைத் தின்கிறது? அதைத் தடுக்க மனிதன் என்னென்ன செய்து பார்த்தான்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால், அது நம்மைப் பூங்காவிலிருந்து வெகுதூரம் அழைத்துச் செல்கிறது. ஈய லம்பங்களுக்கும், ரப்பர்த் தோட்டங்களுக்கும், அங்கே மண்வெட்டி பிடித்த நம் முன்னோரிடத்திற்கும் கொண்டுபோய் விடுகிறது. அந்த வரலாற்றையே இன்று காணவிருக்கிறோம்.

கிந்தா ஆறு, 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலையை ஒட்டிய தீத்திவங்சா மலைப்பகுதியில் தோன்றுகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி, தெற்கே பேரா ஆற்றில் கலக்கிறது. ஈப்போ என்னும் ஊர் பிறந்ததே இந்த ஆற்றால்தான். கடலிலிருந்து பேரா ஆற்றின் வழியாகவும், பிறகு கிந்தா ஆற்றின் வழியாகவும் வந்த படகுகள் அதற்குமேல் போக முடியாமல் நின்ற இடம் ஈப்போ. அரிசியும் மற்றச் சரக்குகளும் அங்கே இறங்கின. ஈயம் அங்கே ஏறியது. 1890களில் இரயில் பாதை வரும்வரை ஆறே நகரத்தின் நெடுஞ்சாலையாக இருந்தது.

அந்த நெடுஞ்சாலையை அடைத்ததும் ஈயமேதான். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகின் மிக வளமான ஈய வயல்களுள் ஒன்று. ஈயமணல் ஆற்றுப் படுகைகளில் மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கும். அதைப் பிரிப்பதற்கு மண்ணைத் தண்ணீரால் கரைத்து ஓடவிட வேண்டும். கனமான ஈயம் அடியில் தங்கும். சேறும் மணலும் நீரோடு போய்விடும். கோப்பேங் பக்கத்தில் மலைநீரைக் குழாய்களில் கொண்டுவந்து, பீரங்கிபோலப் பாய்ச்சி, குன்றுகளையே கரைத்தார்கள். 1913ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் மண்வாரிக் கப்பல் பத்து காஜாவில் வேலையைத் தொடங்கியது. அதன் வழிவந்த கப்பல்களுள் ஒன்று, 1938இல் கட்டப்பட்டு 1982வரை உழைத்தது, தஞ்சோங் துவாலாங்கில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1985இல் ஈயத்தின் விலை சரிந்து இத்தொழில் ஒடுங்கும்வரை, நூறாண்டுக் காலம் அந்தப் பள்ளத்தாக்கின் மண் ஓயாமல் கழுவப்பட்டது.

கழுவிய மண் எங்கே போயிற்று? ஆற்றுக்குள்தான் போயிற்று. ஆற்றின் அடி உயர்ந்தது, ஆழம் குறைந்தது. கீழே இடம் இல்லாதபோது தண்ணீர் பக்கவாட்டில் இடம் தேடும். அது கரையை அறுத்துத் தன் வழியை அகலமாக்கிக்கொள்ளும். பேராவின் தெற்கு எல்லைக்கு அப்பால், சிலாங்கூரில், கோல குபு என்னும் ஊர் இதற்குச் சாட்சி. மேலே ஈய லம்பங்களிலிருந்து வந்த மணல் ஆற்றை மேடாக்கியது. வெள்ளத்துக்குமேல் வெள்ளம் வந்தது. கடைசியில் ஊரையே கைவிட்டு, மேட்டில் கோல குபு பாரு என்ற புதிய நகரத்தைக் கட்டவேண்டியதாயிற்று.

ஈயம் பள்ளத்தாக்கின் மண்ணைக் கழுவியது என்றால், மலைச்சரிவின் மண்ணை அவிழ்த்துவிட்டது ரப்பர்.

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, பேராவின் கோலகங்சாருக்கு வந்தன. அவற்றின் காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. 1905ஆம் ஆண்டுக்குப் பிறகு ரப்பர் விலை ஏறியபோது, காடுகள் எரிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகளின் பின்னே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கப்பலேறி வந்தார்கள். பத்து காஜாவுக்கு அருகில், ராயா ஆற்றங்கரையில் நிற்கும் கெல்லி மாளிகையைப் பார்த்தவர்கள், அதற்குச் சற்றுத் தொலைவில் தோட்டத் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பார்கள். அந்தக் கோயில் நம்மவர் அங்கே வாழ்ந்ததற்கு அடையாளம். அவர்கள் பார்த்த வேலையின் அடையாளம் மலைச்சரிவுகளில் இருக்கிறது.

அந்த வேலைகளுள் முக்கியமானது புல் வெட்டு. அக்காலத்துத் தோட்டத் துரைமார்கள், மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று கருதினார்கள். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பழக்கம் அது. துடைத்துவிட்டதுபோல நிலம் சிவப்பாகத் தெரிந்தால்தான் தோட்டம் நன்றாக நடக்கிறது என்று பொருள். லாலான் புல் பரவினால் கன்று வளராது என்பது உண்மையே. ஆனால் லாலானோடு சேர்த்து எல்லாப் பூண்டுகளையும் அவர்கள் களைந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து, மண் தெரிய மண் தெரிய வெட்டிக்கொண்டே போனார்கள்.

பேராவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மறைப்பு இல்லாத சரிவில் இந்த மழை விழுந்தால் மேல்மண் நிற்குமா? ஒவ்வொரு மழையிலும் சிவப்பு நீர் ஓடைகளில் இறங்கியது. ஓடைகள் அதை ஆற்றில் சேர்த்தன. தோட்டத்துக்கு இழப்பு மேல்மண்; ஆற்றுக்குச் சுமை வண்டல். இரண்டும் ஒரே மண்தான்.

இந்தத் தொல்லை சட்டம் இயற்றும் அளவுக்கு முற்றியது. 1917ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களில் வண்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1920இல் வந்த நீர்நிலைச் சட்டம், ஆற்றங்கரையைச் சேதப்படுத்தியவர் அதைப் பழையபடி சீராக்க வேண்டும் என்று கட்டளையிட அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் சட்டம் ஏட்டில் ஏறுவதற்குள் மண் ஆற்றில் இறங்கிவிட்டது. 1926ஆம் ஆண்டு இறுதியில் தீபகற்பத்தின் பல பகுதிகளைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. பேரா ஆற்றங்கரை ஊர்களும் அதற்குத் தப்பவில்லை. 1932இல் நீர்ப்பாசன வடிகால் இலாகா தனி இலாகாவாக நிறுவப்பட்டது. ஆறுகளைத் தூர்வாருவதும், நேராக்குவதும், கரைகளை உயர்த்துவதும் அதன் பொறுப்புகளுள் சேர்ந்தன. ஈப்போ நகருக்குள் ஓடும் கிந்தா ஆறும் இவ்வாறு சீரமைக்கப்பட்ட ஆறேயாகும்.

நேயர்களே, இதே காலத்தில் தோட்டங்களுக்குள் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. சிறு தோட்டக்காரர்களின் நிலத்தில் புல்லும் பூண்டும் மண்டிக் கிடந்தன. பெரிய தோட்டத்துத் துரைமார்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று இகழ்ந்தார்கள். ஆனால் அங்கேதான் மண் கரையாமல் நின்றது, மரங்களும் கெட்டுப்போகவில்லை. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிற ஆய்வாளர்களும் இதைக் கவனித்தார்கள். புல்லை அடியோடு களைவது தவறு என்ற கருத்து மெல்ல மெல்ல வலுத்தது.

அதன்பின் தோட்ட வேலையின் முறை மாறியது. சரிவின் குறுக்கே, ஒரே மட்டமாக, படிக்கட்டுபோல மேடை வெட்டினார்கள். ஓடிவரும் மழைநீர் நின்று வண்டலை இறக்கிவிட்டுப் போகும்படி, மரங்களுக்கு இடையே நீளக் குழிகள் தோண்டினார்கள். கலப்பகோனியம், பியுரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை விதைத்து நிலத்தைப் போர்த்தினார்கள். அவை அவரைக் குடும்பத்துக் கொடிகளானபடியால் மண்ணுக்கு உரமும் சேர்த்தன. 1960ஆம் ஆண்டில் வந்த நிலப் பாதுகாப்புச் சட்டம், மலைநிலத்தைக் காப்பதையும் வண்டல் வெளியேறாமல் தடுப்பதையும் ஒன்றாக்கி விதி வகுத்தது.

இந்த மேடைகளை வெட்டியவர்கள் யார்? முன்பு புல்லைக் களைந்த அதே மக்கள்தான். புல்லை எடு என்றபோது எடுத்தார்கள். கொடியை நடு என்றபோது நட்டார்கள். எந்தச் சரிவில் எவ்வளவு அகலம் வெட்டினால் மண் நிற்கும், எந்த இடத்தில் நீருக்கு வழி விடவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். அறிக்கைகளை எழுதியவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. சரிவில் நின்று வெட்டியவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி, பூங்காவின் கரைக்குத் திரும்புவோம். கரை எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதை எப்படி நிறுத்துவது என்பது விளங்கும்.

ஆறு வளையும் இடத்தில், வெளிப்பக்கத்துக் கரையில் நீர் வேகமாக மோதும். அது முதலில் அறுப்பது கரையின் அடியை. மேலே நிற்கும் நமக்கு அது தெரியாது. அடி போனபின் மேல்மண் தன் பாரத்தாலேயே சரிகிறது. இன்னொன்றும் உண்டு. வெள்ளம் உயர்ந்து நிற்கும்போது கரை நீரைக் குடித்துக் கனக்கும். ஆனால் ஆற்றுநீரே அதைத் தாங்கி நிற்கும். வெள்ளம் சட்டென்று வடிந்தால் அந்தத் தாங்குதல் போய்விடும். உள்ளே ஊறிய நீர் வெளியேற வழியின்றிக் கரையைத் தள்ளும். அதனால்தான் பல கரைகள் வெள்ளத்தின்போது விழாமல், வெள்ளம் வடிந்தபின் விழுகின்றன.

நகரத்தில் இது மேலும் மோசமாகிறது. தோட்டமும் தோப்பும் இருந்த இடத்தில் கூரையும் தார்ச்சாலையும் வந்துவிட்டால், மண்ணில் இறங்கவேண்டிய மழைநீர் அத்தனையும் கால்வாய் வழியாகச் சில மணி நேரத்துக்குள் ஆற்றை அடைகிறது. ஆறு விரைவில் உயர்கிறது, விரைவில் வடிகிறது. படுகையில் மணலை அளவுக்குமீறி அள்ளினாலும் கரையின் அடி இளகிவிடும். ஆக, முன்பு மண் மிகுதியால் கரை அறுந்தது. இன்று நீரின் வேகத்தால் அறுகிறது.

இதற்கு உடனே நினைவுக்கு வருவது சிமெண்டுச் சுவர். கட்டடமோ பாலமோ கரையை ஒட்டி நிற்கும் இடத்தில் சுவர் தேவைதான். ஆனால் சுவரில் மோதிய வேகம் அங்கேயே தீர்ந்துவிடுவதில்லை. சுவர் முடியும் இடத்தில் அது எதிர்க்கரையையோ கீழே உள்ள கரையையோ தாக்கும். ஒரு பூங்காவைக் காப்பாற்றி, அதற்குக் கீழே ஆற்றோரத்தில் குடியிருக்கும் ஏழைகளின் வீட்டுக் கொல்லையை இழக்கச் செய்வதும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் வேலை இழந்து, பட்டணத்தின் ஓரங்களில் தாழ்வான இடங்களில் ஒதுங்கிய நம் குடும்பங்களுக்கு இதன் வேதனை தெரியும்.

வேர்களைக் கொண்டு கரையைப் பிடிப்பது வேறொரு வழி. அதற்கும் பேராவிலேயே பழைய எடுத்துக்காட்டு உண்டு. தைப்பிங் நகரத்தின் ஏரிப் பூங்கா, கைவிடப்பட்ட ஈய லம்பத்தில் 1880களில் உருவாக்கப்பட்டது. மலாயாவின் முதல் பொதுப் பூங்கா அது. தோண்டிப் போட்ட குழிகள் ஏரிகளாயின. ஏரிக்கரைச் சாலையின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரங்களை நட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அம்மரங்களின் கிளைகள் சாலையைத் தாண்டி ஏரி நீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. காயப்பட்ட நிலத்தையும் பூங்காவாக்கலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஏரியில் நீர் ஓடுவதில்லை. ஆற்றிலோ அது ஓடுகிறது. ஆற்றங்கரைச் சரிவுக்கு இன்னும் நெருக்கமான வேர் வேண்டும். அங்கே நமக்கு நன்கு பழக்கமான ஒரு புல் வருகிறது. அதுதான் வெட்டிவேர்.

தண்ணீர்ப் பானையில் போடவும், தட்டி முடையவும் நம் பாட்டிமார்கள் பயன்படுத்திய அதே வெட்டிவேர்தான். உலகமெங்கும் இந்தப் புல்லை அழைக்கும் ‘வெட்டிவர்’ என்ற பெயர் தமிழிலிருந்தே சென்றது. கர்நாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் வயல் வரப்புகளில் இதை நெடுங்காலமாக வேலியாக நட்டு வந்திருக்கிறார்கள். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்களான ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்டு கிரிம்ஷா ஆகியோர் இந்தியாவில் இதன் பயனை எடுத்துக்காட்டி, பல நாடுகளுக்கும் பரப்பினார்கள். மலேசியாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. யூன் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விரிவாகச் சோதித்துப் பார்த்தார். தோட்டத்து மண்ணைக் காக்கப் பிறந்த ஆராய்ச்சி அது. பிறகு பேராவின் கெரிக்கிலிருந்து கிளந்தானின் ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் மலைச்சரிவுகளிலும் இந்தப் புல் நடப்பட்டது.

இதன் சிறப்பு என்ன? மற்றப் புற்களின் வேர் பக்கவாட்டில் பரவும். இதன் வேர் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்வரை போகும். வேரின் இழுவைத் தாங்கும் வலிமை சராசரியாகச் சாதாரண எஃகில் ஆறில் ஒரு பங்கு என்று 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து கூறியது. மேலே நெருங்கி வளரும் தாள்கள் ஓடும் நீரைத் தடுத்து, வண்டலை வடிகட்டி நிறுத்தும். நடுவதற்குப் பயன்படும் வகை முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே லாலானைப்போல் கண்ட இடத்தில் பரவாது.

ஆனால் எந்த வேரும் தனியாக நின்று ஆற்றை வென்றுவிடாது. வேலையை வரிசையாகச் செய்யவேண்டும். முதலில் கரையின் அடி. எப்போதும் நீர் மோதும் அந்த இடத்தில் கல் அடுக்கவேண்டும். அல்லது கல் நிரப்பிய கம்பிவலைக் கூடைகளை வைக்கவேண்டும். பக்காவ் கழிகளை நெருக்கமாக அடித்து இறக்குவதும் நம் நாட்டில் உள்ள வழக்கம். இரண்டாவது, செங்குத்தாக நிற்கும் கரையைச் சீவிச் சாய்வாக்குவது. பூங்காவின் நிலத்தில் சில அடிகளை நாமே விட்டுக்கொடுத்தால், ஆறு பல அடிகளைப் பறிக்காது. மூன்றாவது, மேலிருந்து வரும் மழைநீர் கரையின்மீது வழியாமல் குழாயிலோ கல்பதித்த வாய்க்காலிலோ இறங்கச் செய்வது. அதன் பிறகுதான் நடவு. சரிவின் குறுக்கே, ஒரே மட்டமாக, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிவேர் நாற்றுகளை வரிசை வரிசையாக நடவேண்டும். இது வெயில் விரும்பும் புல். பெருமரங்களின் நிழலில் நன்றாக வளராது. நிழலான இடத்தில் நிழல் தாங்கும் செடிகளையே வைக்கவேண்டும். வேர் பிடிக்கும்வரை சில மாதங்கள் யாரும் மிதிக்காமல் காவல் வேண்டும்.

இந்த வரிசையைக் கேட்கும்போது தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். சரிவின் குறுக்கே மட்டம் பிடிப்பது, நீருக்கு வழிவிடுவது, வரிசை பிசகாமல் நடுவது எல்லாம் அவர்கள் நாள்தோறும் செய்த வேலை. அதற்கும் முன்னால், காவிரிக் கரையிலும் ஏரிக்கரைகளிலும் அவர்களுடைய பாட்டன்மார் செய்த வேலையும் அதுதான். ஊரார் கூடி ஆண்டுதோறும் கரையையும் வாய்க்காலையும் பழுதுபார்ப்பதைக் குடிமராமத்து என்று சொல்லுவார்கள். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு.

இன்று பேராவின் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் இல்லை. சில செம்பனைத் தோட்டங்களாயின; சில வீடமைப்புப் பகுதிகளாயின. மேடை வெட்டியிருந்த சரிவுகளைச் சமன்படுத்தி வீடு கட்டும்போது, மண் மறுபடியும் வெறுமையாகிறது. மழையில் மறுபடியும் சிவப்பு நீர் ஓடுகிறது. மழைநீரைப் பிறந்த இடத்திலேயே தேக்கி மெல்ல விடவேண்டும் என்ற நெறிமுறையை நீர்ப்பாசன வடிகால் இலாகா 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூறாண்டுக்கு முன் தோட்டத்தில் தோண்டிய வண்டல் குழிக்கும், இன்று வீடமைப்புப் பகுதியில் தோண்டும் தேக்கக் குளத்துக்கும் நோக்கம் ஒன்றே.

ஆகவே, நேயர்களே, கிந்தா ஆற்றோரப் பூங்காவில் அறுந்த கரை ஒன்றைக் காணும்போது மேலே மலையையும் நினைத்துப் பாருங்கள். மலையில் அவிழ்ந்த மண்ணும் நகரத்தில் தேங்காத மழையும் சேர்ந்துதான் அந்தக் கரையை அறுக்கின்றன. உங்கள் வீட்டில் தோட்டத்து வேலை தெரிந்த பெரியவர் இருந்தால், சரிவில் மண்ணை எப்படி நிறுத்தினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். சொல்வதைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். பெயர் எழுதப்படாமல் போனவர்களின் அறிவாவது நம்மிடம் தங்கும். அடுத்த கரையை நிறுத்தவும் அது உதவும்.